ஸ்டைல் ஸ்டோரி: தோலைத் துணியாக்கிய பானி கேஷின்... ஆம்பூருக்கு அவர் விட்டுச்சென்ற பாடம் என்ன?

தோல் என்றால் ஷூ, பெல்ட், பெட்டி என்று இருந்த காலத்தில், அதைத் துணியைப்போல வெட்டி கோட்டும் ஸ்கர்ட்டும் தைத்தவர் அமெரிக்க டிசைனர் பானி கேஷின். இன்று உலகம் முழுக்க விற்கும் 'கோச்' கைப்பைகளில் இருக்கும் பித்தளைத் திருகுப் பூட்டும் அவர் யோசனைதான். தோலை நம்பி வாழும் வேலூர், ஆம்பூர் வட்டாரம் அவர் கதையைத் தெரிந்துகொள்ள ஒரு காரணம் இருக்கிறது.

ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போய்வரும் ஒருவரிடம், 'எந்த பிராண்டுக்குத் தைக்கிறீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். ஓர் ஐரோப்பியப் பெயரோ, அமெரிக்கப் பெயரோ சட்டென்று வரும். அந்த ஷூவை வடிவமைத்தது யார், கடையில் அதன் விலை என்ன என்று அடுத்த கேள்வி கேட்டால், பெரும்பாலும் பதில் இருக்காது. தோலைப் பதனிடுவது இங்கே, வெட்டுவது இங்கே, தைப்பதும் இங்கே. பெயர் மட்டும் வேறெங்கோ இருக்கிறது.

ஒரு பொருளுக்குப் பெயர் எப்படிக் கிடைக்கிறது? விளம்பரத்தால் என்று சொல்லிவிடலாம். ஆனால், விளம்பரம் செய்வதற்கு முன்னால் சொல்லிக்கொள்ளும்படி ஏதாவது அந்தப் பொருளில் இருக்க வேண்டுமே! தோலில் அந்த 'ஏதாவது' எப்படி உருவாகிறது என்பதைக் காட்டியவர்தான் இந்த வார நாயகி.

அம்மாவின் தையல் மெஷின்

1908-ம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பிறந்தவர் பானி கேஷின். அப்பா புகைப்படக்காரர். அம்மா யூனிஸ் தையல்காரர். குடும்பம் அடிக்கடி ஊர் மாறியது. எந்த ஊருக்குப் போனாலும் அம்மா ஒரு தையல் கடையைத் திறந்துவிடுவார். மகளுக்கு விளையாட்டுச் சாமான், கடையில் விழுந்த வெட்டுத் துணிகள்தான். எழுதப் படிக்கத் தொடங்கிய வயதிலேயே ஊசியும் நூலும் கைக்கு வந்துவிட்டன.

பள்ளியில் படிக்கும்போதே ஒரு நடனக் குழுவுக்கு ஆடை வரையும் வேலை கிடைத்தது. அங்கிருந்து 1934-ல் நியூயார்க்கின் புகழ்பெற்ற ராக்ஸி தியேட்டருக்குப் போனார். மேடை நடனத்துக்கு ஆடை செய்கிறவருக்கு ஒரு விஷயம் சீக்கிரமே புரிந்துவிடும். உட்கார்ந்திருக்கும்போது அழகாக இருக்கும் உடை, ஆடும்போது கிழிந்தால் பயனில்லை. கை தூக்கினால் தோள் இழுக்கக் கூடாது. கால் வீசினால் ஸ்கர்ட் தடுக்கக் கூடாது. இடையில் சில நிமிடங்களில் உடை மாற்ற வேண்டும் என்றால் கொக்கியும் பொத்தானும் சட்டென்று போட வர வேண்டும். கேஷின் பிற்காலத்தில் செய்த எல்லாவற்றிலும் இந்த மேடைப் பாடம் தெரியும்.

1937-ல் 'ஆட்லர் அண்ட் ஆட்லர்' என்ற ஆயத்த ஆடை நிறுவனத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெண்களுக்கான சீருடைகளையும் வடிவமைத்தார். 1943-ல் ஹாலிவுட். ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்துக்காக ஆறு ஆண்டுகளில் சுமார் 60 படங்களுக்கு வேலை செய்தார். 'லாரா' (1944), 'அன்னா அண்ட் தி கிங் ஆஃப் சியாம்' (1946) ஆகிய படங்கள் அவற்றில் அடக்கம்.

சினிமா வாய்ப்பு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் 1949-ல் நியூயார்க் திரும்பினார். நட்சத்திரங்களுக்கு உடை செய்வதைவிட, பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பெண்களுக்கு உடை செய்யத்தான் அவருக்கு ஆசை. 1950-ம் ஆண்டு, அமெரிக்க ஃபேஷன் துறையின் பெரிய விருதுகளான கோட்டி விருது, நீமன் மார்கஸ் விருது இரண்டும் ஒரே வருடத்தில் அவரைத் தேடி வந்தன.

ஆட்டுத்தோலில் கோட் தைப்பது எப்படி?

1953-ல் ஃபிலிப் சில்ஸ் என்ற தோல் இறக்குமதியாளருடன் கேஷின் கைகோத்தார். அதுவரை அமெரிக்காவில் தோல் உடை என்றால் விமானிகளின் ஜாக்கெட், மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் ஜாக்கெட் என்றுதான் நினைவுக்கு வரும். கேஷின் அதில் பெண்களுக்கான கோட், ஸ்கர்ட், கவுன், போன்சோ என்று தைக்க ஆரம்பித்தார். கறுப்பு, பழுப்பு மட்டுமல்லாமல், துணிக்கடையில் பார்க்கிற பளிச் நிறங்களிலும் தோல் வந்தது.

சொல்வதற்குச் சுலபம். செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். துணி என்றால் தறியிலிருந்து ஒரே அகலத்தில், மீட்டர் கணக்கில் வரும். தோல் அப்படியல்ல. ஓர் ஆட்டுத்தோலை விரித்தால் நான்கைந்து சதுர அடி தேறும். அதுவும் கோணல்மாணலான வடிவம். முதுகுப் பக்கம் கெட்டியாக இருக்கும்; வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இருக்கும். முள் கீறிய தழும்பு, உண்ணி கடித்த புள்ளி என்று ஆடு மேய்ந்த காடு முழுக்க அதில் பதிந்திருக்கும்.

ஒரு கோட் தைக்க இப்படிப் பல தோல்கள் வேண்டும். அத்தனையும் ஒரே நிறத்தில், ஒரே கனத்தில் ஜோடி சேர வேண்டும். தையலில் தவறு வந்தால் பிரித்துத் தைக்க முடியாது. ஊசி இறங்கிய ஓட்டை அப்படியே நிற்கும். அதனால்தான் ஷூ கம்பெனிகளில் கட்டிங் பிரிவில் இருப்பவருக்குத் தனி மதிப்பு. எந்தப் பாகத்தை எந்த இடத்தில் வெட்டினால் தழும்பு விழாது, வீணும் ஆகாது என்று தோலைத் தடவிப் பார்த்தே அவர் சொல்லிவிடுவார்.

கேஷின் தோலோடு சண்டை போடவில்லை. அதன் குணத்துக்கு ஏற்ப உடையை மாற்றினார். உடம்பை இறுக்கிப் பிடிக்கும் தையல்களைக் குறைத்தார். ஜப்பானின் கிமோனோ, தென் அமெரிக்காவின் போன்சோ போல நேர்க்கோடுகளால் ஆன எளிய வடிவங்களை எடுத்துக்கொண்டார். கம்பளி, மொஹேர் கோட்டுகளின் ஓரங்களில் துணிக்குப் பதிலாகத் தோல் பட்டையை வைத்துத் தைத்தார். ஓரம் நைந்துபோகாது, பார்வைக்கும் ஓர் அழகு. இந்தத் தோல் ஓரமே பிறகு அவருடைய அடையாளமாகிவிட்டது.

இன்று 'லேயரிங்' என்கிறோமே... குளிருக்கு ஏற்ப ஒன்றின் மேல் ஒன்றாக மெல்லிய உடைகளை அணிவது, வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றுவது? அதை அமெரிக்க ஃபேஷனில் பரப்பியவர்களில் முக்கியமானவர் கேஷின். சிறுவயதில் கலிஃபோர்னியாவில் சீனக் குடும்பங்கள் உடுத்திய விதத்தைப் பார்த்து இந்த எண்ணம் வந்தது என்பது அவரே சொன்ன காரணம்.

சுருக்குப்பை, கொசுவம், திருகுப் பூட்டு

கேஷின் செய்தவற்றில் சில நம் பாட்டிகளுக்கு ஆச்சர்யமாகவே இருக்காது. நம் ஊரில் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். வெற்றிலை, சில்லறை, சாவி எல்லாம் அதற்குள். தனியாகப் பை தூக்கும் தொல்லையில்லை. கேஷின், 'க்ளிக்' என்று வாய் மூடும் சில்லறைப் பர்ஸை கோட்டின் பாக்கெட்டாகவே வைத்துத் தைத்துவிட்டார். இரண்டு கையும் ஃப்ரீ!

வயலில் இறங்கும்போதும் மாடிப்படி ஏறும்போதும் நம் பெண்கள் புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொள்வார்கள் அல்லவா? கேஷினும் தன் தரை தொடும் நீள ஸ்கர்ட்டுக்கு அதே மாதிரி ஒரு வழி தேடினார். நாயைக் கட்டும் வாரில் இருக்கும் சின்னப் பித்தளைக் கொக்கியை ஸ்கர்ட்டில் வைத்தார். படி ஏறும்போது கொக்கியை மாட்டினால் ஸ்கர்ட் உயரும். கீழே வந்ததும் கழற்றிவிட்டால் மீண்டும் நீள ஸ்கர்ட். 'நாய் வார் ஸ்கர்ட்' என்றே அதற்குப் பெயர் வந்தது.

இன்னொன்று அவருடைய காரிலிருந்து வந்தது. கூரையைத் திறந்து மூடும் வகைக் கார் அது. கூரையை இறுக்கிப் பிடிக்க, ஓர் ஓட்டைக்குள் நுழைத்து அரைத் திருகு திருப்பினால் பூட்டிக்கொள்ளும் உலோகக் குமிழ்கள் இருந்தன. ஒரே கையால் திறக்கலாம், மூடலாம், காற்றடித்தாலும் கழன்றுவிடாது. அதே குமிழைப் பித்தளையில் செய்து கோட்டுகளிலும் கைப்பைகளிலும் பொருத்தினார். அதுதான் இன்று உலகம் அறிந்த 'டர்ன்லாக்'.

இவை எதுவும் கேஷின் புதிதாகக் கண்டுபிடித்த பொருட்கள் அல்ல. கார் பட்டறையிலும், நாய்ச் சாமான் கடையிலும், பாட்டியின் பர்ஸிலும் ஏற்கெனவே இருந்தவைதான். 'இது எனக்கு எங்கே தொல்லை கொடுக்கிறது?' என்று ஒவ்வொரு முறையும் தன்னையே கேட்டு, கையில் கிடைத்ததை வைத்து விடை கண்டுபிடித்தார்.

கோச் பைக்குள் கேஷின்

1941-ல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஒரு மாடியில், ஆறு கைவினைஞர்களோடு தொடங்கிய குடும்பப் பட்டறைதான் பின்னாளில் 'கோச்' ஆனது. ஆண்களுக்கான பர்ஸ் போன்ற சின்னச் சின்னத் தோல் சாமான்கள்தான் அங்கே தயாரானது. அதில் வேலைக்குச் சேர்ந்த மைல்ஸ் கான், அவர் மனைவி லில்லியன் இருவரும் 1961-ல் அந்தப் பட்டறையைத் தாங்களே வாங்கினார்கள். பேஸ்பால் கையுறை பழகப் பழக மென்மையாகி, நிறம் ஆழமாவதைக் கவனித்தவர் மைல்ஸ். அப்படியொரு தோலைப் பதனிட வைத்தார். அதில் பெண்களுக்குக் கைப்பை செய்யலாமே என்றவர் லில்லியன்.

அந்தப் பைகளை வடிவமைக்க 1962-ல் அழைக்கப்பட்டவர் கேஷின். அக்காலக் கைப்பைகள் உள்ளே அட்டை வைத்து, பெட்டி மாதிரி விறைப்பாக நிற்பவை. கேஷினின் பைகள் மளிகைக் கடைக் காகிதப் பையைப் போல எளிமையாக, மென்மையாக இருந்தன. வெளிப்பக்கத்தில் சில்லறைப் பர்ஸ், உள்ளே கோடு போட்ட பருத்தி லைனிங், வாயில் பித்தளைத் திருகுப் பூட்டு. 1974 வரை அந்த நிறுவனத்துக்கு வடிவமைத்தார். அவர் போன பிறகும் பூட்டு போகவில்லை. இன்று புதிதாக வரும் கோச் பைகளிலும் அது இருக்கிறது. அவருடைய பழைய வடிவங்களை அந்த நிறுவனம் மீண்டும் மீண்டும் தூசி தட்டி எடுக்கிறது.

இவ்வளவு செய்தவர் சொந்தமாக ஒரு பெரிய தொழிற்சாலை நடத்தவில்லை. ஒரே நேரத்தில் பல உற்பத்தியாளர்களுக்கு வடிவமைத்தார். ஸ்காட்லாந்தின் பாலன்டைன் நிறுவனத்துக்குக் காஷ்மீர் கம்பளி உடைகளும் செய்தார். யாருக்கு வேலை செய்தாலும் தன் பெயரையும், வடிவத்தில் கடைசிச் சொல்லையும் தன்னிடமே வைத்துக்கொண்டார். கண்டகண்ட பொருளுக்கெல்லாம் தன் பெயரை வாடகைக்கு விடுவது அவருக்குப் பிடிக்காது. அதனால்தானோ என்னவோ, சக டிசைனர்கள் அளவுக்கு அவர் பெயர் கடைப் பலகைகளில் நிலைக்கவில்லை. 1972-ல் கோட்டி விருதின் 'ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம் கிடைத்தது. 1985-ல் ஓய்வு பெற்றார். 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க்கில் காலமானார். அதே ஆண்டு அந்நகரின் ஃபேஷன் தொழில்நுட்பக் கல்லூரி அருங்காட்சியகம் அவர் படைப்புகளைக் கண்காட்சியாக வைத்தது.

அதே காலத்தில் பாலாற்றங்கரையில்...

கேஷின் இந்தியாவுக்கும் வந்திருக்கிறார். 1950-களில் இந்திய அரசின் அழைப்பில் வந்து, நம் நெசவுகளை வெளிநாட்டுச் சந்தைக்கு ஏற்ற வகையில் வடிவமைப்பது பற்றி ஆலோசனை சொன்னார். அவர் நியூயார்க்கில் தோல் கோட் தைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், தமிழ்நாட்டுத் தோலின் நிலை என்ன?

பாலாற்றுத் தண்ணீர், ஆவாரம் பட்டை, கடுக்காய். வட ஆற்காட்டில் தோல் தொழில் வேர்விட இந்த மூன்றும் காரணம். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. பாதை மேற்கே நீண்டபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் சென்னைத் துறைமுகத்தோடு இணைந்தன. பட்டைச் சாயத்தில் ஊறிய ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் பெரியமேட்டு மண்டிகள் வழியாகக் கப்பலேறின. 'ஈ.ஐ. தோல்' என்ற பெயரில் லண்டன் சந்தையில் அதற்குத் தனி மரியாதை. கிழக்கிந்தியத் தோல் என்பதன் சுருக்கம்தான் அது. 2008-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால், போனது பாதி பதனிட்ட தோல். அதைச் சாயமேற்றி, பளபளப்பாக்கி, பையாகவும் ஷூவாகவும் மாற்றிய லாபம் அங்கேயே தங்கியது. சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-ல் தொடங்கப்பட்டதும், 1973 முதல் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தியதும் இந்த நிலையை மாற்றத்தான். அதன் பிறகே முழுத்தோல், ஷூவின் மேல்பாகமான 'அப்பர்', முழு ஷூ என்று ஆம்பூர் படிப்படியாக ஏறியது. இன்று அமெரிக்க, ஐரோப்பியக் கடைகளில் இருக்கும் பல ஷூக்கள் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தைக்கப்பட்டவை.

இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது. அதுதான் டிசைன்.

கை இங்கே... கணக்கு எங்கே?

ஒரு ஷூ ஆர்டர் எப்படி நடக்கிறது? வெளிநாட்டு வாடிக்கையாளர் வடிவம், நிறம், தோல் வகை எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். இங்கே சாம்பிள் ரூமில் மாதிரி ஷூ தயாராகும். 'தையலை இன்னும் இரண்டு மில்லிமீட்டர் உள்ளே கொண்டு போங்கள்' என்று திருத்தம் வரும். மீண்டும் மாதிரி. ஒப்புதல் வந்ததும் கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங், ஃபினிஷிங். இந்த வரிசையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். கையால் தைக்க வேண்டிய அப்பர்கள் ஆம்பூரைச் சுற்றியுள்ள வீடுகளுக்கே போகின்றன. சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில், ஜோடிக்கு இவ்வளவு என்று சொற்பக் கூலிக்குப் பெண்கள் தைக்கிறார்கள். கடையில் அதே ஷூவுக்கு 'கைத்தையல்' என்று சொல்லித்தான் விலை ஏறுகிறது.

அடுத்தவர் பெயருக்குத் தைப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. வடிவம் வாங்குகிறவரிடம் இருக்கிறது. விலை கட்டாவிட்டால் அதை எடுத்துக்கொண்டு வியட்நாமுக்கோ கம்போடியாவுக்கோ போய்விடலாம். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மீதான வரியை அமெரிக்கா 50 சதவிகிதமாக உயர்த்தியபோது, ஆம்பூர் ஏன் அவ்வளவு பதறியது என்பது இதிலிருந்து புரியும். 'இந்த ஷூ இவர்களிடம் மட்டும்தான் கிடைக்கும்' என்ற நிலை இருந்தால், வரி ஏறினாலும் வாங்குகிறவர் பேச்சுவார்த்தைக்கு வந்தே ஆக வேண்டும்.

லாபம் வெளியே போனாலும் கழிவு இங்கேயே தங்கியது. தோல் கழிவுநீரால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்ட வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்திலேயே ஒரு மைல்கல். 'மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்' என்ற கொள்கையை அந்தத் தீர்ப்பு நிலைநிறுத்தியது. 2025 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பு வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டை வழங்கச் சொல்லியும், அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கச் சொல்லியும் உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. ஒரு சதுர அடித் தோலுக்குப் பாலாறு கொடுத்த விலை பெரியது. அப்படியிருக்க, அந்தத் தோலைக் குறைந்த விலைக்கு, நிறைய எண்ணிக்கையில் தள்ளிவிடுவது யாருக்கும் நல்லதல்ல. குறைவாகச் செய்து, அதிக மதிப்புக்கு விற்பதுதான் ஆற்றுக்கும் ஊருக்கும் நல்லது. அதற்கும் டிசைன் வேண்டும்.

இதில் சாதியின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. தோலைத் தொட்டு வேலை செய்பவர்களைத் தள்ளிவைத்த சமூகம் இது. பதனிடும் தொட்டிகளில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பங்கினர் தலித் மக்கள். அந்தக் கைகளில் இருக்கும் அறிவை 'கலை' என்றோ 'டிசைன்' என்றோ அழைக்க நமக்கு மனம் வரவில்லை. 'கூலி வேலை' என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டோம்.

புதுச்சேரியில் ஒரு முன்னுதாரணம்

'சரி, இதெல்லாம் நம்மால் ஆகுமா?' என்று கேட்பவர்களுக்கு, ஆம்பூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் பதில் இருக்கிறது. திலீப் கபூர் அமெரிக்காவில் படித்தபோது ஒரு தோல் நிறுவனத்தில் வேலை செய்து தொழிலைக் கற்றுக்கொண்டவர். 1978-ல் புதுச்சேரியில் ஒரு சின்னப் பட்டறையாக அவர் தொடங்கியதுதான் 'ஹைடிசைன்'. பட்டைச் சாயத்தில் பதனிட்ட தோல், மணல் அச்சில் வார்த்த பித்தளைக் கொக்கிகள் என்று பழைய முறைகளையே அந்த நிறுவனம் தன் அடையாளமாக்கிக்கொண்டது. முதலில் வெளிநாடுகளில்தான் பெயர் வாங்கியது. 2007-ல் பிரான்ஸின் லூயி வித்தோன் குழுமம் அதில் முதலீடு செய்தது. தென்னிந்தியத் தோலுக்குச் சொந்தப் பெயரில் உலகச் சந்தை உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ப்ளஸ் டூ முடித்தவர்கள் கவனத்துக்கு

தோல் துறை என்றால் டேனரி வேலை மட்டும்தான் என்று நினைக்கும் பெற்றோர் இன்றும் அதிகம். படிப்பதற்கு வழிகள் பல இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக் கல்லூரியில் தோல் தொழில்நுட்பம் பி.டெக் படிக்கலாம். அதன் பக்கத்திலேயே, அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. காலணி செய்யும் தொழிலைக் கைப்பழக்கத்தோடு கற்க, 1957 முதல் இயங்கிவரும் மத்திய காலணிப் பயிற்சி நிறுவனம் கிண்டியில் உள்ளது. காலணி வடிவமைப்புக்கு இருங்காட்டுக்கோட்டையில் எஃப்.டி.டி.ஐ. வளாகம். ஃபேஷன் வடிவமைப்பு என்றால் தரமணியில் நிஃப்ட். படிப்புகள், கட்டணம், நுழைவுத்தேர்வு விவரங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், அந்தந்த நிறுவனங்களின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அப்பாவோ அம்மாவோ ஷூ கம்பெனியில் வேலை செய்பவராக இருந்தால், அந்த மாணவருக்கு மற்றவர்களைவிட ஒரு படி முன்னிலை உண்டு. எந்தத் தோல் எங்கே வெடிக்கும், எந்தத் தையல் முதலில் பிரியும், எந்தப் பசை வெயிலுக்கு இளகும் என்பதெல்லாம் வீட்டுப் பேச்சிலேயே காதில் விழுந்திருக்கும். பானி கேஷினும் எந்தப் பெரிய கல்லூரியிலிருந்தும் தொடங்கவில்லை. அம்மாவின் தையல் கடைத் தரையில் உட்கார்ந்து தொடங்கியவர்தான்.

ஷூ கம்பெனிகளும் ஒரு விஷயம் செய்யலாம். சாம்பிள் ரூமில் வாடிக்கையாளர் சொன்னதை மட்டும் செய்யாமல், பத்து மாதிரியில் ஒன்றையாவது இங்கே வேலை செய்பவர்களின் யோசனையில் செய்து பார்க்கலாம். பஸ்ஸில் நின்றுகொண்டே டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்க வசதியான பை, மழைக்காலச் சேற்றிலும் வழுக்காத வேலைக்காலணி, புடவையோடும் சுடிதாரோடும் பொருந்தும் அலுவலகப் பை... தேவைகளைத் தேடி நியூயார்க் போக வேண்டியதில்லை. காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும் பெண்களிடம் கேட்டாலே ஒரு நோட்டுப் புத்தகம் நிறையும். அந்த நோட்டிலிருந்து ஒரு பை உருவானால், அதன் உள்பக்கத்தில் 'ஆம்பூர்' என்று பொறிக்கத் தடை ஏதும் இல்லை.

*(அடுத்த வாரம்: துவைத்தால் சாயம் போகும் துணியை அமெரிக்கர்கள் தேடித் தேடி வாங்கிய கதை... 'மெட்ராஸ்' கட்டம்!)*